பூட்டுக்காரி எங்கிருந்து வந்தாள்

பதிப்பகத்தின் மூன்றாவது மாடியில் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு அறை. ஜன்னல் ஒன்று, மின்விசிறி ஒன்று, சுவரை ஒட்டி ஆளுயர மர அலமாரிகள் நான்கு. அலமாரி முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், இழுப்பறை முழுக்க அட்டைகள். அந்த அட்டைகளுக்கு நடுவே இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் அட்டையக்கா. அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

அவள் வேலை என்னவென்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அந்தப் பதிப்பகத்துக்கு வாழ்வு கொடுத்ததே ஒரு மாயக்கதைத் தொடர்தான். பதினோரு பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். அதில் வரும் மனிதர், மிருகம், பேய், வாள், மலை, ஆறு எல்லாவற்றுக்கும் ஆளுக்கோர் அட்டை. யாருக்கு யார் சித்தப்பா, எவனுக்கு எந்தக் கண் குருடு, எந்த வாள் எந்தப் போரில் உடைந்தது எல்லாம் அதில் இருக்கும். புதுப் பாகம் வரும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆறாம் பாகத்தில் செத்த குதிரை எட்டாம் பாகத்தில் புல் மேயக் கூடாது. அதற்குத்தான் சம்பளம்.

வாசகர் கடிதங்களுக்குப் பதில் போடுவதும் அவள் தலையில்தான் விடிந்தது. மாயக்கதை படிக்கிறவர்களைப் போலப் பிழை பிடிப்பவர்களை நீங்கள் எங்கும் பார்க்க முடியாது. யானை பறக்கிறது என்றால் சரி என்று தலையாட்டுவார்கள். கிழக்கே பறந்த யானை அடுத்த பக்கத்தில் மேற்கே இறங்கினால் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்த நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்து, "தாங்கள் சுட்டிக்காட்டியதற்கு நன்றி" என்று ஆரம்பித்து, யானை ஏன் திரும்பியது என்று விளக்கி ஒரு பதில் அனுப்புவாள்.

தொடரை எழுதியவர் ஒரு பிடிவாதக்காரர். "நான் ஒண்ணையும் புதுசா உண்டாக்கறதில்ல. எல்லாம் ஏற்கெனவே சொன்னதுதான். நான் சட்டை மாத்தி விடறேன், அவ்வளவுதான்" என்பார். புதையல் காக்கும் பாம்பு, மலைக்குள் தூங்கும் ராஜா, பகலில் பறவையாகிவிடும் மனைவி என்று எதை எடுத்தாலும் அதற்கு ஒரு பழங்கதை ஆதாரம் இருந்தே ஆக வேண்டும். எடுத்தபின் அவர் செய்கிற வேலை வேறு. அவருடைய பாம்புக்குத் தான் எதைக் காக்கிறோம் என்பதே மறந்துபோயிருக்கும். அவருடைய ராஜா நாட்டுக்கு ஆபத்து என்று விழித்து எழுந்து வந்தால், நாட்டில் ஒரு ஆபத்தும் இருக்காது, அவரை யாருக்கும் தெரியாது, கடைசியில் சுங்கச்சாவடியில் மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருப்பார். வாசகர்கள் அதைப் படித்துவிட்டு அழுவார்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் 'ஆதாரப் பக்கம்' என்று ஒன்று வரும். எந்த உருவம் எந்தப் பழங்கதையிலிருந்து வந்தது என்று அதில் பட்டியல் போட்டிருப்பார். அந்தப் பட்டியல், பழங்கதைகளுக்கென்று அட்டையக்கா தனியாக வைத்திருந்த பழுப்பு அட்டைகளிலிருந்து போவது. அவள் எழுதிக் கொடுத்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்புவார்.

இவ்வளவு பெரிய உலகத்தை இழுப்பறையில் வைத்திருந்தவளுக்கு வெளியே உலகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, அம்மா போன பிறகு குடிவந்த ஒரு அறையும் சமையலறையும். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் வயது போயிற்று, பிறகு யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கச் சொல்லவில்லை. ஒருநாள் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கதவைத் தட்டி, "அக்கா, உங்க காலிங் பெல் வேலை செய்யலையே, தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. எப்போது கெட்டது என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. அதை அழுத்துவதற்கு யாராவது வந்திருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. மூன்று வயது இளையவன். கடைசியாக அவனோடு பேசி இருபத்துநான்கு வருடம் ஆகிறது. அம்மா பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவன் வெளியூர் வேலையில் இருந்தான். இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாம் முடிந்த மறுநாள் பெட்டியோடு வந்து நின்றான். பதினோரு மாத அலுப்பும் அன்றைய துக்கமும் ஒன்றாகச் சேர்ந்து அட்டையக்காவின் வாயில் வந்தது. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். திரும்பிப் போனான், அக்கா சொன்னதை அப்படியே கடைப்பிடித்தான். சின்ன வயதில் ஒரு பேச்சும் கேட்காதவன் அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டுத் தொலைத்தான்.

தேடியிருந்தால் கிடைத்திருப்பான். ஆனால் தான் தேடினோம் என்பது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே! அவனாக வர வேண்டும், அல்லது அவனாக ஒரு வரி எழுத வேண்டும். வறட்டுப் பிடிவாதம் என்று சொன்னால் அட்டையக்காவே ஒத்துக்கொள்வாள். ஒத்துக்கொண்டுவிட்டு அதே பிடிவாதத்தோடு இருப்பாள்.

இப்போது பூட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா லாரி ஓட்டினார், அம்மா சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூட விடுமுறையில் அக்காவையும் தம்பியையும் உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அம்மா வேலைக்குப் போய்விடுவாள். வேறு வழி இல்லை. ஒரே அறை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். அக்காவுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. அவன் பூட்டைப் பார்த்தால் பயந்து அழுவான். அந்த அழுகையை நிறுத்துவதற்காக இரண்டு பேரும் சேர்ந்து வாசலில் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். அவள் பெயர் பூட்டுக்காரி. அவளுக்கென்று வீடு கிடையாது, அதனால் மற்றவர்கள் வீட்டைக் காக்கிறாள். கண் தெரியாது. உள்ளே போகிறவர்கள் தங்கள் நிழலைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே உண்மை பேசியிருந்தால் திரும்பும்போது சொந்த நிழல் கிடைக்கும். பொய் சொல்லியிருந்தால் வேறு யாருடைய நிழலையோ மாட்டி அனுப்பிவிடுவாள். ஊரில் சில பேர் தங்களுக்குப் பொருந்தாத நிழலோடு திரிவது அதனால்தான்.

கண் தெரியாதவள் எந்த நிழல் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? கையில் தூக்கிப் பார்த்துக் கனத்தை வைத்து என்றாள் அக்கா. "நிழலுக்கு ஏதுக்கா கனம்? மோந்து பார்ப்பா" என்றான் தம்பி. இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா கதவைத் திறந்து உள்ளே வந்ததும், அவன் தரையில் விழுந்த அவள் நிழல்மேல் குப்புறப் படுத்து முகர்ந்து பார்த்தான். "சோப்பு வாசனை!" என்று கத்தினான். அக்கா தோற்றுப்போனாள். அன்றிலிருந்து வாசனைதான்.

பதினான்கு வருடத்துக்கு முன்பு ஐந்தாம் பாகம் எழுதும்போது நாவலாசிரியருக்கு ஒரு வாசல் காவல் தேவைப்பட்டது. "பாம்பு வேணாம், நாய் வேணாம், எல்லாம் சலிச்சுப்போச்சு. ஏதாவது பழங்கதையில வேற மாதிரி இருக்கா பாரு" என்றார். அட்டையக்கா மூன்று நாள் இழுப்பறைகளைக் குடைந்தாள். உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு புதுப் பழுப்பு அட்டையை எடுத்தாள். பூட்டுக்காரியை அதில் எழுதினாள். ஆதாரம் என்ற இடத்தில், 'ஆற்றங்கரை மக்களின் வாய்மொழிக் கதை, மிகப் பழையது' என்று கூசாமல் எழுதினாள். எந்த ஆறு, எந்தக் கரை, அவளுக்கே தெரியாது.

ஒன்றை மட்டும் மாற்றினாள். பூட்டுக்காரி நிழலைக் கனத்தால் அறிகிறாள் என்று எழுதினாள். தவறிப்போய் எழுதவில்லை, தெரிந்தே எழுதினாள். தம்பி புத்தகப் பைத்தியம். எங்கே இருந்தாலும் ஒருநாள் இந்தப் பாகம் அவன் கையில் கிடைக்கும். தன் வாசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்காவின் கனத்தைப் போட்டிருப்பதைப் பார்த்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போடாமல் அவனால் தூங்க முடியாது. அந்தக் கடிதம் எந்த மேஜைக்கு வரும்? அவள் மேஜைக்குத்தான். ஒரு வரி நலம் விசாரித்து எழுதுவதற்குப் பதிலாக இப்படியொரு சுற்றுவழி! ஆனால் அட்டைகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அதுதான் நேர்வழியாகத் தெரிந்தது.

புத்தகம் வந்தது. ஒவ்வொரு காலையிலும் தபால் கட்டைப் பிரிக்கும்போது முதலில் உறைமேல் இருக்கும் கையெழுத்துகளைத்தான் பார்ப்பாள். அவன் எழுத்து இடது பக்கம் சாயும். முதல் வருடம் எண்ணூறு கடிதம் வந்தது. பாலம் எத்தனை வளைவு, படகில் எத்தனை துடுப்பு என்று எல்லாவற்றிலும் பிழை கண்டார்கள். பூட்டுக்காரியிடம் ஒரு பிழையும் இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தகுதியுள்ளவன் உலகத்தில் ஒருவன்தான், அவன் எழுதவில்லை.

நான்காம் வருடம் வேறு மாதிரிக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. 'பூட்டுக்காரி கதையை என் அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார்' என்று ஒருவர். 'எங்கள் பக்கத்தில் அவளுக்கு இரண்டு தங்கைகள் உண்டு, அதைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள்' என்று இன்னொருவர். அட்டையக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள அறையில் ஆள் இல்லை என்பதால் சீக்கிரம் நின்றுவிட்டது. பிறகு புதிதாக எழுத வந்த ஒரு பெண் தன் மாயக்கதையில் பூட்டுக்காரியை ஒரு கப்பலில் ஏற்றினாள், 'நம் முன்னோர் கதையிலிருந்து' என்று முன்னுரையில் நன்றி சொன்னாள். அங்கேயும் நிழலைத் தூக்கித்தான் பார்த்தாள் பூட்டுக்காரி. வானொலியில் ஒரு பேராசிரியர் இந்தக் கதைக்கு மூன்று வடிவங்கள் கிடைத்திருப்பதாகவும் மூன்றிலும் கனம் மாறவே இல்லை என்றும், அதனால் அதுவே மிகப் பழைய கூறு என்றும் அடித்துச் சொன்னார். அன்று அட்டையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் போட்ட தூண்டிலை ஊரே விழுங்கிவிட்டது, விழுங்க வேண்டியவனை மட்டும் காணோம்.

பதினான்காம் வருடம் அந்தக் கடிதம் வந்தது. சாயாத, அழகான எழுத்து. யாரோ ஒரு பெண். படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மீண்டும் முதலிலிருந்து படித்தாள்.

'என் அப்பா நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது பூட்டுக்காரி கதை சொல்வார். தானும் தன் அக்காவும் சேர்ந்து உண்டாக்கியது என்பார். அப்பா சொன்ன கதையில் பூட்டுக்காரி நிழலை முகர்ந்து பார்ப்பாள். எட்டு வருடத்துக்கு முன் தங்கள் ஐந்தாம் பாகத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் ஆதாரப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பழங்கதையா, அப்படியானால் அக்கா எங்கேயோ கேட்டதைத்தான் என்னிடம் தன் கதை போலச் சொல்லியிருக்கிறாள் என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. எனக்கு இன்னும் ஐந்து மாதத்தில் குழந்தை பிறக்கப்போகிறது. குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆசை. கனமா, வாசனையா, எது சரி என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.'

கீழே ஒரு தொலைபேசி எண்.

தம்பி புத்தகத்தைப் பார்த்திருக்கிறான். எட்டு வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறான். கோபம் வரவில்லை அவனுக்கு, நம்பிக்கை வந்துவிட்டது. அச்சில் 'மிகப் பழையது' என்று இருந்தால் அதை நம்பும்படி ஊரைப் பழக்கியதே இந்த மூன்றாம் மாடி அறைதான். அவனைக் கூப்பிடுவதற்காகச் செய்தது அவனிடம் மிச்சம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

இனிமேல் பிடிவாதம் பார்க்க முடியாது. மதிய இடைவேளையில் எல்லோரும் கீழே போனதும் அலுவலகத் தொலைபேசியில் அந்த எண்ணை அழைத்தாள். அந்தப் பெண்தான் எடுத்தாள். பதிப்பகத்திலிருந்து என்றதும் குரல் துள்ளியது. அப்பாவிடம் பேச வேண்டும் என்றாள் அட்டையக்கா. கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம்.

"சொல்லுங்க, யாரு?"

"நான்தான்டா."

"அக்காவா?"

"ம்."

"எப்படி இருக்க?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்."

இருபத்துநான்கு வருடத்துக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

"பூட்டுக்காரி நம்மளோடதுடா. நீயும் நானும் பண்ணது. நான் இங்கதான் வேலை பார்க்கறேன். பழங்கதைன்னு எழுதிக் கொடுத்தது நான்தான். பொய்யா எழுதினேன்."

அவன் மெதுவாகச் சிரித்தான். "நீ இன்னும் மாறவே இல்லக்கா. எல்லாத்தையும் நீதான் பண்ணியிருக்கணும்."

"நான்னு எங்கடா சொன்னேன்? நாமன்னுதானே சொல்றேன்?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார். அவங்க அம்மா இதே கதைய சொல்றாங்க. எழுபது வயசு, எழுதப் படிக்கத் தெரியாது. நாம ரூமுக்குள்ள பேசினது அவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

"யாராவது படிச்சுச் சொல்லியிருப்பாங்கடா."

"சரி, ரேடியோல சொன்னாரே ஒரு புரொபசர்?"

"அவருக்கும் இந்தப் புத்தகம்தான்."

"எல்லாருக்கும் இந்தப் புத்தகம்தான். சரிதான்."

"வாசனைன்னு நீதானடா சொன்ன? நீ பார்த்தா கோவப்பட்டு எழுதுவேன்னுதான் அதை மாத்தினேன்."

"அதான்க்கா எனக்கும் புரிஞ்சுது. மொதல்ல நீ கனம்னுதானே சொன்ன? புத்தகத்துலயும் கனம்தான். உனக்கு உண்மையான கதை தெரிஞ்சிருக்கு. நான் அழுது அடம் பிடிச்சதால விட்டுக் குடுத்திருக்க." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நீ வாசப்படி மிதிக்காதன்னு சொன்னப்புறமும் அது ஒண்ணு என்கிட்ட இருந்துது. நாம ரெண்டு பேரும் பண்ணது ஒண்ணு இருக்குன்னு. அதுவும் ஊர்க் கதைன்னு தெரிஞ்சப்ப, சரி, போகட்டும்னு விட்டுட்டேன்."

"டேய், சத்தியமா—"

"விடுக்கா. நீ சொன்னா சரி."

ஜுரத்தில் பிதற்றுகிறவர்களிடம் சொல்வோமே, அந்தச் 'சரி'. வேலை இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டான். அவள் எண்ணை அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அட்டையக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள், மூடினாள், அப்படியே பையில் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை நாவலாசிரியர் வந்தார். வாரம் ஒருநாள் வருவார், எழுபத்தொரு வயதிலும் மூன்று மாடி ஏறி வருவார். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து அட்டையக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் சொன்னாள். அவர் மேஜையில் இருந்த டீயைத் தொடவில்லை.

"பதினாலு வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்க" என்றார்.

"ஆமா சார்."

"எத்தனை கூட்டத்துல சொல்லியிருப்பேன் தெரியுமா, என் கதையிலயே ரொம்ப ரொம்பப் பழசு பூட்டுக்காரிதான்னு? ஜனங்க கை தட்டினாங்களே!"

"தெரியும் சார். அந்தப் பேச்சையெல்லாம் நான்தான் டைப் பண்ணினேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "மோந்து பார்க்கறதுதான் நல்லா இருக்கு" என்றார் எரிச்சலோடு. "அதை எங்கிட்டச் சொல்லியிருந்தா அந்த அத்தியாயமே வேற மாதிரி வந்திருக்கும். கெடுத்துட்டியே."

புதுப் பதிப்பில் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டாள். மேலாளர் குதிப்பார், பத்திரிகைக்காரர்கள் கிழிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். போடு என்றார். படிக்கட்டில் இறங்கும்போது மட்டும் ஒருமுறை நின்று திரும்பி, "ஒருத்தனும் நம்ப மாட்டான், பார்த்துக்க" என்றார்.

திருத்தத்தை அட்டையக்காவே எழுதினாள். 'பூட்டுக்காரி பழங்கதை அல்ல. பகலெல்லாம் வீட்டில் பூட்டி வைக்கப்பட்ட ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து உண்டாக்கியது. அவள் நிழலைக் கனத்தால் அல்ல, வாசனையால் அறிகிறாள். அதைக் கண்டுபிடித்தவன் தம்பி.' எத்தனையோ ஆயிரம் அட்டை எழுதிய கை அந்த நான்கு வரியை ஒன்பது முறை அடித்து எழுதியது. அச்சில் வந்ததும் தம்பியின் மகளுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். கடிதம் எதுவும் வைக்கவில்லை, திருத்தம் இருந்த பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் மட்டும் வைத்தாள்.

பெரியவர் சொன்னது பலித்தது. இரண்டு மாதத்தில் நாற்பத்து மூன்று கடிதம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தங்கள் ஊர் எல்லையில் பூட்டுக்காரி உட்கார்ந்த கல் இன்றும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்று எழுதினார். முன்னோர் கதையை யாரோ இரண்டு பொடிசுகளுக்குத் தாரை வார்க்க நீங்கள் யார் என்று ஒருவர் கேட்டார். வானொலிப் பேராசிரியர் ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். பூட்டிய வீட்டில் இருக்கும் அக்காவும் தம்பியும் பல நாட்டுப் பழங்கதைகளில் காணப்படும் பாத்திரங்கள், எனவே இந்தத் திருத்தமும் நாவலாசிரியர் இன்னொரு பழங்கதையை எடுத்து நமக்குக் காட்டும் வேடிக்கைதான் என்று அதில் நிரூபித்திருந்தார். அட்டையக்கா அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தாள். ஐம்பத்தேழு வயதில், கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, தான் என்றும் இருந்ததில்லை என்று அச்சில் படிப்பது ஒரு மாதிரியாக இருந்தது. நாற்பத்து மூன்று பேருக்கும் பதில் போட்டாள். திருத்தம் சரியானதுதான் என்று எழுதினாள். அவர்களில் பலர் மறுபடியும் மறுத்து எழுதினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது.

"அக்கா."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று தெரியவில்லை.

"குழந்தை பிறந்துடுச்சா?"

"பொண்ணு. நல்லா இருக்கா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சின்ன வயதில் அழுகையை மறைக்க அப்படித்தான் உறிஞ்சுவான். "புத்தகத்தைப் பார்த்தேன். எம் பொண்ணுதான் படிச்சுக் காமிச்சா. பேப்பர்ல எல்லாம் திட்டறாங்களாமே? உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடலியே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகல."

"எதுக்குக்கா இப்படிப் பண்ண? அன்னிக்கு போன்ல ஏதோ சொன்னேன், மனசுல வெச்சுக்கிட்டு... ஊரே பார்க்கற மாதிரி இப்படியொரு பொய்ய எழுதணுமா? எனக்காக?"

"பொய்யா?"

"எனக்குத் தெரியும்க்கா. சின்ன வயசுல கேரம்போர்டுல ஒரு காய்கூட எனக்கு விட்டுத் தர மாட்ட. கண்டுபிடிச்சது தம்பின்னு புத்தகத்துல போட்டிருக்க." அவன் குரல் உடைந்தது. "அம்மா போனப்ப நான் வரல. அதுக்கு நீ என்ன சொல்லியிருந்தாலும் தகும். நீ போய் எனக்காகப் பொய் சொல்லுவேன்னு நான் நினைச்சுக்கூடப் பார்க்கல."

அட்டையக்கா வாயைத் திறந்தாள். இல்லடா, அது பொய் இல்லடா, அன்றைக்கு அம்மாவின் நிழல்மேல் படுத்து நீ கத்தினாயே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன் மறுபடி மெதுவாகச் சிரிப்பான், நீ சொன்னா சரி என்பான், வைத்துவிடுவான். உண்மையைச் சொன்னபோது போனவன், பொய் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், தம்பியா, கதையா? யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு யோசிக்க இருந்தது. அந்தக் கதையை உண்டாக்கியவர்கள் என்று உலகத்தில் இரண்டே பேர். இப்போது அவள் வாயால் சொல்லப்போவதோடு அந்த இரண்டு ஒன்றாகிவிடும். எவ்வளவோ வருடத் தனிமையைப் பொறுத்தவளுக்கு இந்தப் புதுத் தனிமை எலும்புவரை குளிர்ந்தது.

"ஆமாடா" என்றாள். "உனக்காகத்தான்."

"பொய்தானே?"

"பொய்தான்."

அவன் அழுதுகொண்டே சிரித்தான். "எனக்கு அப்பவே தெரியும்" என்றான். இவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனிடம் கேட்பதற்கு எத்தனையோ இருந்தது, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"வா."

"வீடு எங்கன்னு சொல்லு, எழுதிக்கறேன்."

பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், மருந்துக் கடையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது மாடி என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டு, சரிதானா என்று பார்க்க முதலிலிருந்து திருப்பிச் சொன்னான். ஒரு பிழை இல்லை.